பட்டன் தேயாத டயர் ஏன் வெடித்தது: ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு டயர் மாற்றிய கதை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

இந்த நிகழ்வு நடந்தது அமெரிக்காவின் டெக்சஸில், 2023 ஜூலையில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதி. வீட்டை விற்றுவிட்டு முழுநேரமாக டிரெய்லரிலேயே குடியிருப்பவர்கள். எனக்கு நண்பர்கள். டயர் வெடித்த மறுநாளிலிருந்து புது டயர் பூட்டும் வரை கணக்குப் போடுவதிலும் கடை பேசுவதிலும் நானும் கூட இருந்தேன். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

ஃபிஃப்த் வீல் டிரெய்லரைப் பார்க்காதவர்களுக்காக: இது பிக்கப் லாரியின் பம்பருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற வண்டி இல்லை. கண்டெய்னர் லாரியில் இருப்பது போலவே, டிரெய்லரின் மூக்கிலிருந்து ஒரு தடித்த கிங்பின் கீழே இறங்கி, பிக்கப்பின் தொட்டிக்குள் இருக்கும் பூட்டில் உட்காரும். மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிப் பிக்கப்பின் மேல் விழும். மிச்சம் அத்தனையும் டிரெய்லரின் நான்கு டயர் தலையில்.

இவர்களுடையது 2018 மாடல். 2021-இல் பழைய வண்டியாக வாங்கினார்கள். ஆலை அனுமதித்த மொத்த எடை 16,500 பவுண்டு. ஆக்சில் இரண்டு, ஒவ்வொன்றும் 7,000 பவுண்டு தாங்கும். டயர் எஸ்டி235/80ஆர்16, லோடு ரேஞ்ச் ஈ. எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர்; லோடு ரேஞ்ச் என்பது எடை தாங்கும் தரத்துக்கான எழுத்து. பக்கச் சுவரில் அச்சிட்டிருந்தது: 80 பிஎஸ்ஐ காற்றில் 3,520 பவுண்டு.

இங்கே ஒரு நிமிடம் நின்று கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு டயர் சேர்ந்தால் 7,040. ஆக்சில் 7,000. ஒரு ஆக்சிலுக்கு மிச்சம் 40 பவுண்டு. ஒரு மூட்டை அரிசி கூட இல்லை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் எடை இடமும் வலமும் அச்சு பிசகாமல் பாதிப் பாதியாக இருக்க வேண்டும், காற்று எப்போதும் முழு 80 இருக்க வேண்டும், டயருக்கு வயதே ஆகக் கூடாது.

வண்டி வாங்கிய அன்று அவர்கள் டயரைப் பார்க்காமல் இல்லை. பட்டன், அதாவது தரையில் படுகிற மேடுபள்ள வெட்டு, ஆழமாக, கறுப்பாக, புதுசு போல இருந்தது. "இதுக்கு இன்னும் நாலு வருஷம் வரும்" என்று விற்றவர் சொன்னார். இவர்களும் நம்பினார்கள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

அன்று நடந்தது

நியூ மெக்சிகோவிலிருந்து கிழக்கே, ஹூஸ்டனுக்கு வடக்கில் உள்ள லிவிங்ஸ்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முழுநேர டிரெய்லர்வாசிகளில் பலருக்குத் தபால் முகவரியே அந்த ஊர்தான். ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கு டெக்சஸ் பகுதியில் வேக வரம்பு 80 மைல். இவர்கள் 70-இல் போனார்கள். மற்ற வண்டிகளெல்லாம் முந்திப் போகும்போது 70 என்பது மெதுவாகத்தான் தெரியும். ஆனால் அந்த டயரில் வேகக் குறியீடு எதுவும் இல்லை. குறியீடு இல்லாத எஸ்டி டயருக்கு 65 மைல்தான் எல்லை என்று எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். இது அவர்களுக்குத் தெரியாது.

டெக்சஸின் ஓசோனா என்ற ஊருக்கு மேற்கே, பிற்பகல் மூன்று மணி. ஓட்டியவருக்கு எதுவும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய பிக்கப்பில் உட்கார்ந்து, பின்னால் நாலு டயரில் ஒன்று போனால் ஸ்டியரிங்கில் பெரிதாக ஒன்றும் வராது. பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தார்கள். இடதுபுறம் கறுப்புப் பட்டையாக ஏதோ வெளியே வீசி அடித்துக்கொண்டிருந்தது.

நிறுத்திப் பார்த்தபோது இடது பின் டயரில் பட்டன் பகுதி முழுக்க உரிந்து போயிருந்தது. உரிந்த பட்டை சுழன்று அடித்ததில் சக்கரக் குழியின் தகடு கிழிந்து, பிரேக் ஒயர் அறுந்து, கழிவுநீர்க் குழாய் ஒன்று உடைந்திருந்தது. ரிம்மில் கீறல் மட்டும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு 50 மைல் வேகத்தில் ஓசோனா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கிடைத்த ஒரே ஒரு எஸ்டி டயரை, அதே அளவு, அதே லோடு ரேஞ்ச் ஈ, வாங்கி அந்த இடத்தில் போட்டார்கள். பழைய ஸ்டெப்னி திரும்பத் தன் இடத்துக்குப் போனது. இரவில் என்னைக் கூப்பிட்டார்கள்.

பார்த்ததும் அளந்ததும்

நான் முதலில் கேட்டது டயரின் வயதை. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண் வரிசையின் கடைசி நாலு இலக்கம்தான் பிறந்த தேதி: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் கட்டாயம். மறுபக்கத்தில் அந்த நாலு இலக்கம் இல்லாமலே இருக்கலாம். இவர்களுடைய டயர்களில் அது உள்பக்கமாக அமைந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் கணவர் சரளைக் கல்லில் முதுகு போட்டு வண்டிக்கு அடியில் நுழைந்து, டார்ச் அடித்து, விரலால் தூசியைத் துடைத்து வாசித்தார்: 2217. 2017-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம். மிச்ச மூன்றிலும், ஸ்டெப்னியிலும் இதே எண். ஆறு வருடம்.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது குறைவு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கும். ரப்பரில் கலந்திருக்கும் பாதுகாப்பு மெழுகு, டயர் ஓடி நெளியும்போதுதான் மேல்பரப்புக்கு வரும். நிற்கிற வண்டியில் அது வராது. ரப்பர் உள்ளுக்குள் வறண்டுபோகும். அதோடு இரட்டை ஆக்சிலில் இன்னொரு சித்திரவதை உண்டு. முன்சக்கரம் போலத் திரும்பும் வசதி இதில் எந்தச் சக்கரத்துக்கும் இல்லை. முகாமில் சுருக்கமாகத் திருப்பும்போது முன் ஆக்சில் டயர் ஒரு பக்கமும் பின் ஆக்சில் டயர் மறுபக்கமும் தரையில் இழுபடும். ஒரு தடவை வெளியே நின்று பாருங்கள்: டயரின் வயிறு ரிம்முக்கு வெளியே பிதுங்கி நிற்கும். பட்டனுக்கு அடியில் இருக்கும் எஃகு பெல்ட்டின் ஓரத்தில்தான் அந்த இழுப்பு விழுகிறது. பிரிவது அங்கேதான் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், மிச்ச மூன்று பழைய டயர்களின் காற்றை அளக்கச் சொன்னேன். 71, 74, 72. கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்றால், ஏப்ரலில் என்றார். 80-க்குப் பதில் 72 என்றால் டயரின் தாங்கும் எடையில் இருநூறு பவுண்டுக்கு மேல் குறையும். அந்த 40 பவுண்டு மிச்சம் அங்கேயே காலி.

காற்றை 80-க்கு ஏற்றிக்கொண்டு, விடிகாலையில் மட்டும் ஓட்டி, 60-க்கு மேல் போகாமல் மூன்று நாளில் லிவிங்ஸ்டன் வந்தார்கள். நிறுத்தும்போதெல்லாம் கையடக்க வெப்பமானியால் டயரின் சூட்டை அளந்து குறித்துக்கொண்டார்கள். இடது பின்னால் இருந்த டயர், புதியதாக இருந்தும், எதிர்ப்பக்கத்து டயரைவிட 15 ஃபாரன்ஹீட் டிகிரி அளவுக்கு அதிகமாகச் சுட்டது. வெயில் அந்தப் பக்கம் விழுந்ததாலா என்று பார்த்தால், மேகமாக இருந்த காலையிலும் அப்படியே. எனக்கு அப்போதுதான் சந்தேகம் டயரை விட்டு எடைக்குப் போனது.

எடை மேடையில்

வழியில் ஒரு ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடை மேடையில் ஏற்றினார்கள். டிரெய்லர் ஆக்சில் இரண்டும் சேர்ந்து 12,940. அனுமதி 14,000. ஆயிரம் பவுண்டுக்கு மேல் மிச்சம்! அவர் சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, "எடை காரணமில்லை" என்று எழுதியிருந்தார்.

ஆனால் அந்த மேடை நான்கு சக்கரத்தையும் ஒரே கூட்டுத்தொகையாகத்தான் சொல்லும். லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்வி (வீட்டு வண்டி) சங்கத்தார் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை போட்டுத் தருகிறார்கள். அங்கே போய் எடுத்தது இது:

முன் ஆக்சில்: இடது 3,310, வலது 2,930.
பின் ஆக்சில்: இடது 3,640, வலது 3,060.
கிங்பின் 3,300. மொத்தம் 16,240.

மொத்த எடை சரி. முன் ஆக்சில் சரி. பின் ஆக்சிலும் 6,700, சரி. இடது பின் மூலை மட்டும் டயரின் எல்லையைவிட 120 பவுண்டு கூட. அதுவும் காற்று முழுதாக இருந்தால். வெடித்த டயரும் மற்றவை போல 72 பிஎஸ்ஐ-யில் ஓடியிருந்தால் முந்நூறு பவுண்டுக்கு மேல் கூட.

காரணம் வண்டிக்குள்ளேயே தெரிந்தது. சமையல் மேடை, ஃப்ரிட்ஜ், அடுப்பு எல்லாம் இடப்பக்கத்து ஸ்லைடில், அதாவது வண்டி நின்றதும் வெளியே நீளுகிற பகுதியில். பின்பக்க இடது அறையில் அவருடைய கருவிப்பெட்டி, சின்ன ஜெனரேட்டர். தண்ணீர்த் தொட்டியை எப்போதும் நிரப்பியே ஓட்டுவது வழக்கம். அறுபது காலன், காலனுக்கு 8.3 பவுண்டு வைத்தால் ஐந்நூறு பவுண்டு.

வெடித்த டயர் எதனால் வெடித்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வயது, காற்று, எடை, வேகம், நான்கும் ஒரே மூலையில் சேர்ந்திருந்தன. அந்த நான்கில் ஒன்றைக்கூடப் பட்டனைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எந்த டயர்: எடுத்த முடிவுகள்

நான்கையும் மாற்றுவதில் பேச்சே இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் ஒரு வாரம் போனது.

அதே லோடு ரேஞ்ச் ஈ டயரையே திரும்பப் போடுவது மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் பழைய 40 பவுண்டுக் கணக்குக்கே திரும்புவோம். வேண்டாம்.

முகாமில் பக்கத்து வண்டிக்காரர் எல்டி டயர் போடச் சொன்னார், அதாவது இலகு லாரிக்கானது. "அது நிஜமான டயர், இது டிரெய்லர் டயர்" என்பது அவர் வாதம். பலர் இப்படிச் சொல்வார்கள். கட்டுமானம் பற்றி அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் எல்டி235/85ஆர்16, லோடு ரேஞ்ச் ஈ, 80 பிஎஸ்ஐ-யில் தாங்குவது 3,042 பவுண்டு. நம் மூலையில் இருப்பது 3,640. பேச்சு அங்கே முடிந்தது.

ரிம்மோடு சேர்த்து 17.5 அங்குலத்துக்கு மாறுவது இன்னொரு வழி. செலவு பல மடங்கு. அப்படி மாறினாலும் ஆக்சில் 7,000-தான் தாங்கும், ஒரு முனைக்கு 3,500. டயரைப் பெரிதாக்கினால் ஆக்சில் பெரிதாகிவிடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பெரிய டயர் போட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் எஸ்டி235/85ஆர்16, லோடு ரேஞ்ச் ஜி. 110 பிஎஸ்ஐ-யில் 4,400 பவுண்டு. அளவில் 80 என்பது 85 ஆனதால் விட்டம் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடும். அதனால் வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்தோம். ஆக்சில் இடைவெளி 35 அங்குலம். முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவே நாலு அங்குலம் சொச்சம் இருந்தது, மூன்றேகால் ஆகும். மேலே சக்கரக் குழியில் அரை அங்குலம் குறையும். போதும்.

அடுத்தது ரிம். ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தோம். 3,750 பவுண்டு, 110 பிஎஸ்ஐ என்று அச்சு இருந்தது. இது இல்லாமல் 80 என்று இருந்திருந்தால் இந்தத் திட்டமே கிடையாது.

அப்புறம் வால்வு. விலை என்னவோ அற்பம். கவனிக்காமல் விட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். ரிம்மில் இருந்தது இழுத்துச் சொருகுகிற ரப்பர் வால்வு. அந்த வகையில் சாதாரணமானது 65 பிஎஸ்ஐ வரை, உயர் அழுத்த வகை 80 வரை. 100-க்கு மேல் போக வேண்டுமானால் நட்டு போட்டு இறுக்குகிற உலோக வால்வுதான். நான்குக்கும் அதையே கேட்டு எழுதிக் கொடுத்தோம்.

கடையில்

முதலில் போன பெரிய சங்கிலிக் கடையில், ஆலை போட்ட அளவைத் தவிர வேறு எதையும் பூட்ட மாட்டோம் என்றார்கள். அவர்கள் விதி அது. குறை சொல்ல ஒன்றுமில்லை. லாரி டயர் போடும் ஒரு சிறிய கடை ஒப்புக்கொண்டது. டயர் வந்ததும் பூட்டுவதற்கு முன் தேதி பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இரண்டு டயர் செய்து இரண்டு மாதம்; மற்ற இரண்டு செய்து ஏறத்தாழ இரண்டு வருடம். ஐந்தாறு வருடத்தில் தூக்கிப் போடப் போகிற பொருளில் இரண்டு வருடம் கிடங்கிலேயே போனால் எப்படி? திருப்பி அனுப்பினோம். நான்கு நாள் தாமதம்.

பூட்டிய அன்று பையன் ஜாக்கியை நேரே ஆக்சில் குழாய்க்கு அடியில் வைத்தான். நிறுத்தச் சொன்னோம். குழாய் வளைந்தால் சக்கர நேர்த்தி போய்விடும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். டிரெய்லரின் அடிச்சட்டத்தில் வைத்துத் தூக்க வேண்டும், பிக்கப்பில் பூட்டியபடியே. அவன் முகம் சுளித்தான், ஆனால் மாற்றி வைத்தான்.

கழற்றிய பழைய டயர்களில் வலது முன்னதை நான் கையில் உருட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கையைப் பட்டன் மேல் வைத்து மெதுவாகச் சுற்றி வந்தபோது ஓர் இடத்தில் கை ஏறி இறங்கியது. தோசையின் நடுவில் உப்பும் கொப்புளம் மாதிரி, ஒரு கையகல மேடு. பெல்ட் பிரிந்துவிட்டது. 475 மைல் அதன் மேல்தான் வந்திருக்கிறார்கள். அந்த அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் பிக்கப்பில் உட்கார்ந்துகொண்டார்.

நட்டுகளை முறுக்குவிசை ஸ்பேனர் வைத்து இறுக்கினார்கள். 50 மைல் ஓடியதும் திரும்ப இறுக்கியபோது இரண்டு நட்டு கொஞ்சம் நகர்ந்தது.

பிறகு

புது டயருக்கு எவ்வளவு காற்று என்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. அவர் அச்சிட்ட 110-ஐயே வைக்க வேண்டும் என்றார். டிரெய்லர் டயர் பக்கவாட்டில் இழுபடுவதால் முழுக் காற்று வைப்பதுதான் பலர் கடைப்பிடிப்பது. நான் ஆலையின் எடை-அழுத்த அட்டவணையைக் காட்டினேன். 3,640-க்கே 110 தேவையில்லை. தேவையில்லாமல் கல்லாக்கினால் அலமாரித் திருகெல்லாம் கழன்று வரும். 100-இல் சமாதானம் ஆனோம். முதல் நாளே இன்னொரு பாடம்: கையில் இருந்த 12 வோல்ட் காற்றடிக்கும் எந்திரம் 90-ஐத் தாண்டவில்லை. வேறு வாங்க வேண்டியிருந்தது.

ஜெனரேட்டரும் கருவிப்பெட்டியும் முன்பக்க அறைக்கு இடம் மாறின. தண்ணீர் இருபது காலனுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடை: முன் இடது 3,230, வலது 2,870, பின் இடது 3,360, வலது 2,980, கிங்பின் 3,440. மொத்தம் 15,880. டயரைவிட ஆக்சிலுக்குத்தான் இது நிம்மதி. கிங்பின் எடை கூடியதைப் பிக்கப் தாங்குமா என்று பார்த்தோம். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள, 'ஒரு டன்' என்று பெயர் மட்டும் சொல்லப்படும் கனமான வகை, தாங்கும்.

டயர் அழுத்தத்தையும் சூட்டையும் ஓட்டுநருக்குக் காட்டும் சென்சார் மாட்டினார்கள். 14 மாதம், ஏறத்தாழ 6,000 மைல் ஆகிறது. இடது பின்னதற்கும் மற்றவற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் நாலைந்து டிகிரிக்கு மேல் வருவதில்லை. ஒரு தடவை வலது முன்னதில் காற்று மெதுவாக இறங்குவதைச் சென்சார் காட்டியது. வால்வு நட்டு தளர்ந்திருந்தது. பழைய காலமாக இருந்தால் அடுத்த ஏப்ரலில்தான் தெரிந்திருக்கும்.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். நான்கு டயர், வால்வு, பூட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 1,200 டாலருக்குள். வெடித்த பட்டை கிழித்ததைச் சரிசெய்ய அதைப்போல மூன்று மடங்கு; காப்பீடு பெரும்பகுதியைக் கொடுத்தது, டயருக்குக் கொடுக்கவில்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

வண்டி வாங்கிய 2021-லேயே டயருக்கு நாலு வயது. அன்றே அடியில் நுழைந்து அந்த நாலு இலக்கத்தை வாசித்திருந்தால், விலையில் டயர் பணத்தைக் கழித்துக் கேட்டிருக்கலாம். சக்கரத்துக்குச் சக்கரம் எடை போடுவதும் வாங்கிய முதல் மாதமே, சாமான் ஏற்றி முடித்தவுடன் நடந்திருக்க வேண்டும். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை போகிறார்கள். புது டயரின் தேதி வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி பூட்டச் சொல்ல மறந்தது என் தப்பு. நான்கில் ஒன்று உள்பக்கம் போய்விட்டது. அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கதவின் உள்ளே ஒட்டியிருக்கிறார்கள்.

தீராமல் இருப்பது ஸ்டெப்னி. புது அளவு டயர் வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னித் தட்டில் நுழையவில்லை. டேப் வைத்து எல்லா இடத்தையும் அளந்த நாங்கள் அதை மட்டும் அளக்கவில்லை. ஓசோனாவில் வாங்கிய ஈ டயர்தான் இப்போது ஸ்டெப்னி. விட்டம் ஓர் அங்குலம் குறைவு, அதனால் பக்கத்து டயர் கூடுதல் எடை வாங்கும். அடுத்த ஊர் வரை நொண்டிக்கொண்டு போக மட்டும் அது உதவும் என்று வைத்திருக்கிறார்கள். பின் பம்பரில் தாங்கி ஒன்று வெல்டிங் செய்து பெரிய டயரை மாட்டலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் எடை போடாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.